எக்கானமி மாமா

தேவிகாபுரத்தில் சென்னை சூப்பர் கிங்ஸ் ரசிகர்கள் எத்தனை பேர் என்று எண்ணத் தேவையில்லை. ரசிகர் அல்லாதவர்களை எண்ணிக் கழித்துவிடலாம், வேலை சுலபம். அந்த மஞ்சள் கூட்டத்துக்குள்ளேயே ஒரு தனிப்பிறவி உண்டு. சிக்ஸர் பறந்தால் எல்லாரும் எழுந்து விசிலடிப்பார்கள். இவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "பந்து எங்க குத்துச்சி, அதைப் பாரு மொதல்ல" என்பார். தோனி மட்டையோடு இறங்கும்போது தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, கொல்லைப்பக்கம் போய்வர இதுதான் சமயம் என்று இவர் எழுந்திருப்பார். பந்துவீச்சாளர் மாறுகிறார் என்றால் மட்டும் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்காருவார்.

பையன்கள் வைத்த பெயர் எக்கானமி மாமா. ஊருக்கு ஒருவர்தான் என்று நினைத்துவிட வேண்டாம். தறிச் சத்தம் கேட்கிற தெருவுக்கு ஒருவராவது தேறுவார்.

ஜெர்சி போடமாட்டார். மகன் முதுகில் 7 இருக்கும். மாமாவுக்குக் கைவைத்த பனியனும் லுங்கியும்தான். குழித்தறியில் இறங்கிவிட்டால் பாதி உடம்பு பூமிக்குள் போய்விடும், மீதி பாதிக்கு முன்னால் ஜரிகை டப்பாவில் சாய்த்து வைத்த செல்போன். 2023-இல் ஐபிஎல்லை ஜியோ சினிமா இலவசமாகக் காட்டத் தொடங்கியதும் இந்த இனம் பல்கிப் பெருகியது. கை நாடாவைத் தள்ளும், கால் மிதியை மிதிக்கும், காது மட்டும் அகமதாபாத்தில் இருக்கும்.

அவருடைய ஆராய்ச்சி மையம் ஒரு நாற்பது பக்க நோட்டு. முன்பக்கத்திலிருந்து திறந்தால் தறிக்கூலிக் கணக்கு: பாவு வாங்கிய தேதி, ஜரிகை எடை, முன்பணம், கழித்தது, நின்றது. திருப்பிப் போட்டுப் பின்பக்கத்திலிருந்து திறந்தால் பந்துவீச்சுக் கணக்கு. முன்பக்கத்தில் எண்கள் வருஷா வருஷம் ஏறும். பின்பக்கத்தில் இறங்குமா என்பதுதான் அவர் கவலை. தார் சுற்றிக்கொண்டே அத்தை ஒருநாள் சொன்னார்: "முன்னாடி இருக்கிற கூட்டலை மொதல்ல முடிங்க. பின்னாடி வகுத்தல் அப்பறம் போட்டுக்கலாம்."

அந்தப் பின்பக்கம் பொன்னேடாக மாறிய பருவம் 2023. மார்ச் 31, முதல் ஆட்டம், அகமதாபாத்தில் குஜராத்தோடு. ருதுராஜ் 50 பந்தில் 92 அடித்தார். தெரு கொண்டாடியது, மாமா குறித்துக்கொள்ளவே இல்லை. பிறகு அம்பதி ராயுடுவை வெளியே எடுத்துவிட்டு துஷார் தேஷ்பாண்டேவை இறக்கினார்கள். ஐபிஎல் சரித்திரத்திலேயே முதல் இம்பாக்ட் பிளேயர். 3.2 ஓவர், 51 ரன். "இம்பாக்ட் பிளேயருன்னாங்க. இம்பாக்ட்டு யாருக்குன்னு சொல்லலியே" என்று கேட்டுவிட்டு, நோட்டில் ஓவருக்கு 15.30 என்று எழுதி அடியில் ரெட்டைக்கோடு போட்டார். சிறுவயதில் மும்பையில் தேர்வுக்குப் போன தேஷ்பாண்டே, பேட்டிங் வரிசை நீளமாக இருக்கிறதென்று பந்துவீச்சு வரிசையில் போய் நின்றவராம். இது எப்படியோ மாமா காதுக்கு வந்துவிட்டது. "கியூ மாறி நின்னது அவன். அனுபவிக்கிறது நாம."

கனககிரி மலைமேல் இருக்கிற ஈஸ்வரனுக்கு எங்கள் ஊரில் வெந்நீர் அபிஷேகம். கிழங்கு தோண்டிய வேடனின் ஆயுதம் பட்ட காயத்துக்கு ஒத்தடம் என்று தலபுராணம் சொல்லும். மாமா தேஷ்பாண்டேமேல் ஊற்றியதும் வெந்நீர்தான். ஒத்தட நோக்கம் எதுவும் அதில் இல்லை.

மூன்று நாள் கழித்து சேப்பாக்கம். 2019-க்குப் பிறகு சொந்த ஊரில் ஆட்டம். சென்னை 217 அடித்தும், லக்னோவின் கைல் மேயர்ஸ் 22 பந்தில் 53 எடுத்து வயிற்றைக் கலக்கினார். மொயீன் அலி நான்கு விக்கெட் எடுத்து, 12 ரன்னில் ஜெயித்தாயிற்று. ஆனால் வைடு 13, நோ பால் 3. ஆட்டம் முடிந்ததும் தோனியே பேசினார்: நோ பால் கூடவே கூடாது, வைடு குறைய வேண்டும், இல்லையென்றால் வேறு கேப்டனுக்குக் கீழேதான் ஆட வேண்டியிருக்கும் என்று. மறுநாள் டீக்கடையில் மாமா நின்ற தோரணையைப் பார்க்க வேண்டும். "நான் பதிமூணாவது ஓவர்லியே சொல்லிட்டேன். நான் தமிழ்ல சொன்னேன், அவரு இங்கிலீஷ்ல சொல்லிக்கிறாரு. அவ்ளோதான்." சாட்சி யார் என்றான் ஒரு பையன். உங்க அத்தைதான் என்றார். அத்தை பத்தாவது ஓவரிலேயே தூங்கிவிட்டிருந்தார்.

பந்துவீச்சு தேறுகிறதா என்பதற்கு அவர் வைத்திருக்கும் அளவுகோலும் அலாதி. விக்கெட் கணக்கே கிடையாது. "விக்கெட்டு பேட்ஸ்மேன் தப்பு பண்ணா வரும். வைடு பவுலர் தப்பு பண்ணா வரும். அவன் தப்பை அவன் கொறச்சிக்கினானா இல்லியா, அதச் சொல்லு." கொஞ்சம் யோசித்தால் சரிதானோ என்று தோன்றும். கூட யோசித்தால் தலைவலி வரும். பேட்டிங்கை ஏன் மதிப்பதில்லை என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும்: "அது முந்தானைடா. கடைல விரிச்சிக் காட்டறது அதத்தான். பவுலிங்கு பாவு. இருக்கிற வரைக்கும் எவன் கண்ணுக்கும் தெரியாது. அறுந்தாத்தான் தெரியும்."

இந்தக் குறைகாணும் கண் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கு எனக்கு ஒரு கணிப்பு உண்டு. பத்துப் பதினைந்து நாள் நெய்து, சேலையை அறுத்து, மடித்து எடுத்துக்கொண்டு ஆரணிக்குப் போனால் அங்கே மேசையில் விரிப்பார்கள். வெளிச்சத்துக்குப் பிடிப்பார்கள். ஒரு விரல் கரையோரமாக ஊர்ந்துகொண்டே வரும். எங்கேயாவது இழை விட்டிருந்தால் விரல் நின்றுவிடும். விரல் நின்ற இடத்துக்குக் கூலியில் பிடித்தம். போன சேலையில் மூன்று தப்பு விட்ட கை இந்தச் சேலையை ஒரே தப்போடு கொண்டுவந்தால், "பரவால்லியே, தேறிட்டியே" என்று மேசைக்கு அந்தப் பக்கம் யாரும் சொன்னதாகச் செவிவழிச் செய்தி கூடக் கிடையாது. ஒன்றென்றால் ஒன்றுக்குப் பிடித்தம். அப்படி இந்தப் பக்கத்திலேயே நின்று பழகிய மனுஷன் ராத்திரி ஏழரை மணிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறார். மேசைமேல் தேஷ்பாண்டே. ஒரு வித்தியாசம்: மாமா பிடித்தமும் செய்வார், தேறியதையும் நோட்டில் ஏற்றுவார்.

தேஷ்பாண்டே தேறவும் செய்தார். லக்னோவோடு நான்கு ஓவரில் 45, அதாவது 11.25. ஏப்ரல் 8-இல் வான்கடேயில் மும்பையை 157-க்குள் கட்டியபோது மூன்று ஓவரில் 31, அதாவது 10.33. அன்றைக்கு ஜடேஜா 20 ரன்னுக்கு மூன்று விக்கெட், ரஹானே 27 பந்தில் 61. தெருவில் ரஹானே பேச்சு ஓயவில்லை. மாமா மட்டும், "ஒம்போது நாள்ல அஞ்சு ரன்னு கொறைச்சிருக்கான்டா. எந்தத் தொழில்ல நடக்கும் இது?" என்று வீடு வீடாகப் போய்க் கேட்டார். அணிக்குப் புதிதாகப் பந்துவீச்சுப் பயிற்சியாளராகியிருந்த பிராவோவுக்கு இதில் பங்கு உண்டா என்றதற்கு, "அவருக்கும் உண்டு" என்றார். அந்த 'உம்'மில் பாக்கிப் பங்கு யாருடையது என்று தெரிந்தது.

உச்சம் ஏப்ரல் 12. ராஜஸ்தானிடம் சேப்பாக்கத்தில் மூன்று ரன்னில் தோல்வி. கடைசிப் பந்துவரை தோனி நின்றும் நடக்கவில்லை. 30 ரன்னும் அடித்து இரண்டு விக்கெட்டும் எடுத்து ஆட்டநாயகன் ஆனவர் நம் அஸ்வின். தெருவில் சாவு விழுந்த மாதிரி அமைதி. அப்போது திண்ணையிலிருந்து ஒரு குரல்: "தேஷ்பாண்டே 37. ஒம்போதே கால். மறுபடியும் எறக்கம்!" அன்று அவர் அடிபடாமல் வீட்டுக்குள் போனதற்கு வயதுக்குக் கொடுத்த மரியாதைதான் காரணம். அஸ்வினைத் திட்டுங்கள் மாமா என்று பையன்கள் கேட்டுப் பார்த்தார்கள். எப்படித் திட்டுவார்? அவன் பவுலர் ஆயிற்றே. அஸ்வின் ராஜஸ்தானுக்கு, சேலத்து நடராஜன் ஹைதராபாத்துக்கு, வருண் சக்ரவர்த்தி கொல்கத்தாவுக்கு என்று நம் பிள்ளைகள் ஊர் ஊராகப் போய் வீச, நாம் மும்பைக்காரரைத் தேற்றிக்கொண்டிருக்கிறோமே என்ற வருத்தம் மட்டும் அப்போது இருந்தது.

டெக்சாஸில் இருக்கிற அக்கா மகன் வீடியோ காலில் வந்தபோது இந்த இறங்குமுகத்தை மாமா அவனுக்கும் படித்துக் காட்டினார். அங்கே பேஸ்பால் ஆடுகிறவர்களுக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு என்றான் அவன். பந்து எறிகிறவர் ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை ரன் கொடுத்தார் என்று பார்ப்பார்களாம். குறைந்தால் கெட்டிக்காரர். பருவம் தொடங்குவதும் இதே மார்ச் கடைசியில்தான். மாமாவுக்கு அமெரிக்காவின்மேல் திடீர் மரியாதை.

"வைடு போட்டா?"

"நாலு தப்புப் பந்து போட்டா அடிக்கிறவன் சும்மாவே மொத பேஸுக்கு நடந்து போயிடலாம் மாமா."

"டிக்கெட்டே இல்லாமலா! இங்க லேடீஸுக்குத்தான் பஸ்ஸு ஃப்ரீ. சரி, எத்தினி ஆட்டம்?"

"ஒரு டீமுக்கு 162."

மாமா வாயடைத்துப் போனார். நமக்கு லீகில் 14 ஆட்டம்தான். 162 ஆட்டத்தில் முதல் நாலைப் பார்த்து யாராவது பேசுவார்களா என்று கேட்டார். "ஏப்ரல்ல நாலு மேட்ச் நல்லாப் போட்டுட்டா போதும், கப்பு நமக்குத்தான்னு பேச ஆரம்பிச்சிடுவாங்க. இங்கியும் உன்ன மாதிரி ஆளுங்க கீறாங்க மாமா." இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு போனை வைத்தார்.

பிறகு நோட்டில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுத்தார். 15.30, 11.25, 10.33, 9.25. பாவு இழை போல நேராக இறங்கியது. "இப்பிடியே போனா மே கடைசில ஓவருக்கு ரெண்டு ரன்னு." பத்தாவது படிக்கிற பெண் ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டு, "ஜூன்ல இன்னா மாமா, அவுங்க நமக்கு ரன்னு திருப்பித் தருவாங்களா?" என்றாள். மாமா நோட்டை மூடிவிட்டார்.

ராஜஸ்தான் ஆட்டம் முடிந்து ஐந்து நாள் கழித்து பெங்களூரு. சென்னை 226, அவர்கள் 218. தேஷ்பாண்டே 45 கொடுத்தார், கோடு திரும்ப மேலே ஏறிவிட்டது. மூன்று விக்கெட் எடுத்திருக்கிறாரே என்று பையன்கள் சமாதானம் சொன்னார்கள். "அந்த கிரவுண்டு சின்னது. அதக் கணக்குல சேக்கக்கூடாது" என்று அந்த வரியை அடித்தார். நல்லவேளையாக, கையைக் கிடையாக வீசிப் பந்தைக் காலடியில் இறக்கும் இலங்கைப் பையன் பதிரானா அப்போது வந்து சேர்ந்திருந்தார். தேஷ்பாண்டே ஒருவழியாகத் தேறிவிட்டார், திட்ட ஆளில்லையே என்ற வெறுமை மாமாவைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்த நேரம் அது. புதிதாக ஒரு இருபது வயசுப் பையனுக்கு அறிவுரை சொல்லலாம் என்றதும் முகம் தெளிந்தது. நன்றாகப் போடுகிற அணி இவருக்கு ஒத்துவராது என்று நான் சந்தேகப்படுகிறேன். மோசமாகத் தொடங்கி மெல்லத் தேறுகிற அணிதான் இவருக்குத் தீனி.

பருவ முடிவில் அணியிலேயே அதிக விக்கெட் தேஷ்பாண்டேவுக்குத்தான், 21. விக்கெட்டை மதிக்காத மாமா அன்றைக்கு மட்டும் விதிவிலக்கு அளித்து, "நல்ல கியூவுலதான் நின்னுக்கிறான்" என்றார்.

இறுதி ஆட்டம் மழையால் ஒருநாள் தள்ளி மே 29-க்குப் போய், நள்ளிரவு தாண்டி முடிந்தது உங்களுக்கு நினைவிருக்கும். சென்னைப் பிள்ளை சாய் சுதர்சன் குஜராத்துக்காக 47 பந்தில் 96 எடுத்தார். தேஷ்பாண்டே நான்கு ஓவரில் 56, விக்கெட் இல்லை. கடைசி ஓவர் மோஹித் சர்மா. 2014-இல் நம் மஞ்சள் சட்டையில் 23 விக்கெட் எடுத்து ஊதாத் தொப்பி வாங்கிய அதே மோஹித். நான்கு பந்தில் மூன்றே ரன். இரண்டு பந்தில் பத்து வேண்டும். ஜடேஜா ஒரு சிக்ஸ், ஒரு ஃபோர்.

பெரியநாயகி அம்மன் கோபுரம் வரை சரவெடிப் புகை. தெருவில் வேட்டியை அவிழ்த்துச் சுழற்றியவர்கள் உண்டு. மகன் ஓடிவந்து கட்டிப்பிடித்து, "அப்பா, கப்பு நமக்குப்பா! அஞ்சாவது கப்பு!" என்று கத்தினான்.

"நாலு பந்து எப்பிடிப் போட்டான் பாத்தியா மோஹித்து? நடுவுல எவன்டா அவனுக்குத் தண்ணி குடுக்கச் சொன்னது? போட்டுக்கினு இருந்தவனப் போட உட்டிருக்கணும்."

"அவன் அவுங்க டீமுப்பா!"

"பவுலருடா அவன். சரி, அது கெடக்கட்டும். நம்மாளு 56 குடுத்துக்கிறான். பதினாலு. மார்ச்சு மாசம் எங்க ஆரம்பிச்சானோ அங்கியே வந்து நின்னுட்டான். டிசம்பர்ல ஏலம் வருது, அதுக்குள்ள கடைசி ஓவருக்குன்னு ஒரு ஆளு..."

வெடிச் சத்தத்தில் எழுந்து வந்த அத்தை வாசற்படியிலேயே நின்று சொன்னார்: "டிசம்பர் கெடக்குது. வெள்ளிக்கெழமைக்குள்ள அந்தச் சேலைய அறுங்க."