மைனஸ் பத்தில் ஓரியன்

ஃபிலிம் காலத்தில் ஷட்டரைத் திறந்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்கும். துணைத் தொலைநோக்கியின் குறுக்குக் கம்பிகளுக்கு நடுவே ஒரு நட்சத்திரத்தை நிறுத்தி, அது நழுவும்போதெல்லாம் மோட்டார் பொத்தானை அழுத்தி நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். முக்கால் மணி நேரம் கண்ணை எடுக்கக் கூடாது. அதற்கு முன், துருவ நட்சத்திரத்தைப் பார்த்துத் தொலைநோக்கித் தாங்கியின் அச்சைச் சரிசெய்ய வேண்டும். வட தமிழ்நாட்டில் அது அடிவானத்துக்கு மேல் 12, 13 டிகிரி உயரத்தில்தான் நிற்கிறது. ஒரு புளியமரம் போதும், மறைந்துவிடும்.

நேரம் ஏற ஏற ஃபிலிமின் உணர்திறன் வேறு குறைந்துகொண்டே போகும். குளிர்வித்தால் இந்தத் தொய்வு குறையும் என்று அறிந்த மேலைநாட்டு ஆர்வலர்கள் உலர்பனிக்கட்டி அடைத்த கேமராக்களைக் கட்டினார்கள். ஹைட்ரஜன் கலந்த வாயுவில் ஃபிலிமைப் பதப்படுத்தினார்கள். எங்களுக்கு இரண்டும் எட்டவில்லை. ஓரியன் நெபுலாவை 1880 செப்டம்பரில் ஹென்றி டிரேப்பர் 51 நிமிடம் தட்டில் பிடித்தார். உலகின் முதல் நெபுலாப் படம் அது. நூறாண்டு கழித்தும் நாங்கள் ஏறத்தாழ அவருடைய முறையில்தான் உட்கார்ந்திருந்தோம்.

இன்று மொட்டைமாடியில் என் கேமரா மைனஸ் 10 டிகிரியில் இருக்கிறது. வெளியே 25. சென்சாரில் ஒளியே படாவிட்டாலும் வெப்பத்தால் எலக்ட்ரான்கள் சேரும். சுமார் ஆறு டிகிரி குறைந்தால் அப்படிச் சேரும் அளவு பாதியாகும். கேமராவுக்குள் மின்சாரத்தால் குளிர்விக்கும் பெல்டியர் தகடு 35 டிகிரி இறக்கும்போது அது ஐம்பதில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. இன்னொரு பெரிய வசதி, வெப்பநிலை அசையாமல் நிற்பது. மூடியைப் போட்டு அதே வெப்பநிலையில், அதே நேரத்துக்கு எடுத்த இருட்டுப் படங்களைக் கழித்தால் எஞ்சிய கறையும் நீங்கும். பனிக்காலக் குளிர் இயல்பாகக் கிடைக்கும் நாடுகளைவிட, இரவிலும் புழுங்கும் நமக்குத்தான் இந்தத் தகடு பெரிய வரம் என்பேன்.

நட்சத்திரத்தைப் பின்தொடர்வதைச் சிறு கேமரா ஒன்று கணினியோடு பேசி முடித்துக்கொள்கிறது. ஐந்து ஐந்து நிமிடமாக எடுத்த படங்களைக் கணினி அடுக்கிக் கூட்டுகிறது. நான்கு மடங்கு நேரம் சேர்த்தால் தெளிவு இரண்டு மடங்காகும். ஹைட்ரஜன் உமிழும் 656.3 நானோமீட்டர் சிவப்பை மட்டும் விடும் குறும்பட்டை வடிகட்டி, சென்னையின் தெருவிளக்கு ஒளியில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். ரோசெட் நெபுலாவின் கரிய தூசு இழைகளை நான் முதலில் கண்டது இப்படித்தான். ஃபிலிமில் அந்த இடத்தில் ஒரு சிவப்புக் கறைதான் இருந்தது. கண்ணை வைத்துக் காத்திருந்தால்தான் பார்ப்பது என்கிறார்கள் பழைய நண்பர்கள். நான் ஏற்கவில்லை. முன்பு கம்பிகளுக்கு நடுவே இருந்த ஒரே ஒரு நட்சத்திரத்தைப் பார்த்தேன். இப்போதுதான் நெபுலாவைப் பார்க்கிறேன்.

ஆனால் கார்த்திகைக் கூட்டத்தைச் சுற்றியுள்ள நீலத் தூசுக்கு இந்த வடிகட்டி வழி செல்லாது. அது தானாக ஒளிர்வதில்லை. நட்சத்திர ஒளியைச் சிதறடிக்கிறது. எல்லா நிறமும் கலந்த அந்த ஒளியை எல்இடி விளக்கின் வெள்ளையிலிருந்து பிரிக்கும் வடிகட்டி கிடையாது. அதற்கு இருட்டு வானமே வேண்டும். எங்கள் குழு படமெடுக்கப் போகும் மலையூர்களிலும் வெள்ளை விளக்குகள் வந்துவிட்டன. அவற்றுக்கு மேல்மூடி போட்டு ஒளியைத் தரைக்குத் திருப்பச் சொல்லி, படங்களோடு பஞ்சாயத்துகளை அணுகத் தொடங்கியிருக்கிறோம்.