சின்ன முள், பெரிய முள்

ஒன்றாம் வகுப்புப் பேரனுக்கு மணி பார்க்கச் சொல்லித்தரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பழைய அலாரம் கடிகாரத்தை எடுத்து, பின்னாலிருந்த திருகை முறுக்கினேன். “சின்ன முள் மணி, பெரிய முள் நிமிஷம்.”

“பெரிய முள் மூணுல இருக்கு தாத்தா. மூணு நிமிஷமா?”

“இல்லடா, பதினஞ்சு.”

“மூணுன்னுதானே எழுதியிருக்கு?”

நியாயம்தான். ஐந்தாம் வாய்ப்பாட்டைப் பள்ளியில் இன்னும் தொடங்கவே இல்லை. கடிகாரம் மட்டும் அதை மனப்பாடமாக எதிர்பார்க்கிறது.

அடுத்து இரண்டே முக்கால் வைத்தேன். சின்ன முள் மூன்றை ஒட்டி நின்றதால், “மூணே முக்கால்” என்றான். சின்ன முள் 12 மணி நேரத்தில் ஒரு சுற்று, அதாவது மணிக்கு 30 பாகை, நிமிஷத்துக்கு அரைப் பாகை என்று விளக்கினேன். பெரிதாகக் கொட்டாவி விட்டான். தூங்கும் நேரம் அதில் துல்லியமாகத் தெரிந்தது.

கடைசியில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, “எட்டு பத்து!” என்றான். உச்சி முகர்வதற்குள் சமையலறையிலிருந்து பாட்டியின் குரல்: “அது பத்து நிமிஷம் ஃபாஸ்ட்டு!”

“அப்ப சரியான மணி எப்படித் தாத்தா தெரியும்?”

சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்தேன்.