டோர்ட்: நுண்பொருள் தரும் அரிய ஆங்கிலச் சொற்கள் பற்றிய ஆய்வுக்கு ஒரு முன்னுரையின் தோற்றுவாய்

யாரும் பிரித்துப் பார்க்க நினைக்காத இரண்டைப் பிரித்துக் காட்டுவதற்கென்றே ஆங்கிலத்தில் சில சொற்கள் உள்ளன. அவற்றைப் பேசுவோர் இலர். அவற்றின் பொருளைப் பிறருக்குச் சொல்வோர் பலர். தொல்காப்பியப் பாயிரம் வழக்கு, செய்யுள் என இரண்டோடு நின்றுவிட்டதால், மூன்றாவதாக 'விளக்கவழக்கு' என ஒன்றைச் சேர்க்கிறோம் (பார்க்க: இதே வாக்கியம்). அது நான்கு வகைப்படும்.

முதல் வகை, தெரிந்ததற்குக் கிரேக்கப் பெயர் சூட்டுவது. காய்ந்த நிலத்தில் மழை விழுந்ததும் எழும் மணத்துக்கு, ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் இருவரும் 1964இல் 'பெட்ரிகோர்' எனப் பெயரிட்டனர். கல்லுக்கான கிரேக்கச் சொல்லோடு தேவர்களின் குருதிக்கான சொல்லைச் சேர்த்தார்கள். வெறும் மண்வாசனை என்றிருந்தால் 'நேச்சர்' இதழ் ஏற்றிருக்குமா?

இரண்டாம் வகை: ஷூ லேஸின் நுனிக் குப்பிக்கு 'ஆக்லெட்' என்று பெயர். அவ்வளவுதான்.

மூன்றாம் வகை, வசவு. தனக்குத் தெரியாததில் தீர்ப்புச் சொல்பவர் 'அல்ட்ராக்ரெபிடேரியன்'. ஓவியர் அப்பெல்லீஸ் வரைந்த செருப்பில் பிழை கண்ட செருப்புத் தொழிலாளி, மறுநாள் ஓவியத்திலிருந்த காலையும் குறைசொல்ல, செருப்போடு நில் என்றாராம் ஓவியர். கதை ரோமானிய எழுத்தாளர் பிளினியுடையது, சொல் அதிலிருந்து பிறந்தது. 1819இல் ஆங்கிலக் கட்டுரையாளர் ஹாஸ்லிட் இந்தச் சொல்லைப் பத்திரிகாசிரியர் கிஃபோர்டின் மேல் எறிந்தார். கிஃபோர்ட் இளமையில் செருப்புத் தைக்கப் பழகியவர். ஆகவே சொல் பொருந்தியது, நாகரிகம் பொருந்தவில்லை. நம் கருத்தரங்குகளில் இதற்குத் தேவை அதிகம், தலைமையுரை முடியும்வரை பொறுக்க வேண்டும்.

நான்காம் வகையில் ஒரே சொல்தான். அதற்காகவே மற்ற மூன்று வகைகளும் ஏற்படுத்தப்பட்டன.

1931இல் வெப்ஸ்டர் அகராதியின் வேதியியல் ஆசிரியர் ஆஸ்டின் பேட்டர்சன் ஒரு சீட்டு அனுப்பினார்: பெரிய டி அல்லது சின்ன டி, அடர்த்தியைக் குறிக்கும் சுருக்கம். இரண்டு டிக்களும் நடுவிலிருந்த ஆங்கில 'அல்லது'வும் ஒட்டிக்கொண்டு 'டோர்ட்' ஆயின. உச்சரிப்பு கொடுத்தார்கள், பெயர்ச்சொல் என்றார்கள். 1934இன் இரண்டாம் பதிப்பில் அச்சாயிற்று. 1939இல்தான் ஓர் ஆசிரியருக்கு உறுத்தியது: இந்தச் சொல்லுக்கு வேர் எங்கே?

அடர்த்திக்கும் டோர்ட்டுக்கும் உள்ள நுண்வேறுபாடாவது: முன்னது எல்லாப் பொருளுக்கும் உண்டு, பின்னது எதற்கும் இல்லை (ஒப்புநோக்குக: மேற்படி பத்தி, மாற்றுக் கருத்துக்கு, அதே பத்தி, கண்ணாடியைக் கழற்றிவிட்டு).

வேர் இல்லையென்று ஒரு சொல்லைக் கைகழுவுவது அமெரிக்கச் சோம்பல். நம்மூர்ச் சொற்பிறப்பியலாரிடம் அந்தச் சீட்டு சிக்கியிருந்தால் மாலைக்குள் வேர் முளைத்திருக்கும். திரள், திரட்டு, திரட், தோரட், டோர்ட். பாலைச் சுண்டக் காய்ச்சினால் அடர்த்தி மிகும், அதன் பெயர் திரட்டுப்பால், ஆகவே வெப்ஸ்டர் அலுவலகம் இருக்கும் மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டுக்குத் திரட்டுப்பால் கப்பலேறியது உறுதி (விரிவுக்கு: இக்கட்டுரையாளர் எழுதவிருக்கும் நூல், மூன்றாம் தொகுதி, முதலிரண்டும் தேவைப்படவில்லை, கரையான் அரிக்கவிருக்கும் பக்கம், இடது ஓரக் குறிப்பு, பென்சிலில்). இகரம் ஓகாரமானது எப்படி என்போருக்கு: கடற்காற்று.

இந்தச் சொல்லை எந்த ஆங்கிலேயரும் வாயால் சொன்னதில்லையே என்பர். வழக்கொழிந்தது தொன்மைக்குச் சான்றென்றால், வழக்குக்கே வராதது அதனினும் தொன்மைக்குச் சான்று. திரட்டுப்பால் கிண்டும் மூதாட்டியரிடம் வாய்மொழித் தரவு திரட்டும் பணி, நிதிநல்கை வந்ததும் ஒரு படிப் பாலோடு தொடங்கும்.