வர்ணம் தேரும் கிருகஸ்தர்

பிலிமத்தலாவையில், கொழும்பு வீதியோரம் பித்தளைக் குத்துவிளக்குகளை அடுக்கி வைத்து விற்கும் கடைகளைத் தாண்டிக் குறுக்குவழியொன்றில் ஏறினால், கூரை வேய்ந்து, கதவு ஜன்னல்களும் பொருத்தி, வர்ணம் மாத்திரம் பூசப்படாத வீடொன்றைக் காண்பீர்கள். அதன் முன்கூடத்திலே வர்ண அட்டையைப் பஞ்சாங்கம் போல் விரித்துப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுவரை நோக்கி நிற்கும் பெரியவரே நமது கதாநாயகர். இன்ன தோட்டத்தார், இன்ன பெயரினர் என்று கூற வேண்டியதில்லை. ஓய்வு பெற்றுச் சொந்த வீடு கட்டிய பெரிய கிளாக்கர்கள் யாவரும் ஏறக்குறைய இவரே.

நகைப்பதற்கு முன் இவருடைய பூர்வோத்தரத்தைச் சற்று யோசிக்க வேண்டும். உத்தியோக காலம் முழுவதும் தோட்டத்துக் குவாட்டர்ஸில் குடியிருந்தவர். துரையின் உத்தரவு பிறந்தால் சுண்ணாம்பு வாளி வரும், சுவர் வெள்ளையாகும், அவ்வளவே. அவருடைய அபிப்பிராயத்தை ஒருவரும் கேட்டதில்லை. கண்டிச் சீமைக்கு இது புதிய நியாயமும் அன்று. இரண்டாம் இராஜசிங்கனின் காலத்தில் ஏறத்தாழ இருபது வருஷம் இங்கே கைதியாயிருந்து, தப்பியோடி, 1681இல் நூல் வெளியிட்ட ராபர்ட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயன், குடிகள் வீட்டுக்கு ஓடு வேயவும் சுவருக்குச் சுண்ணாம்பு பூசவும் அனுமதியில்லை என்றும், சிலர் ஒருவகை வெண்களிமண்ணைப் பூசித் திருப்தியடைந்தனர் என்றும் எழுதி வைத்திருக்கிறான். ராஜ ஆக்ஞையும் துரையின் உத்தரவும் எட்டாத சுவரென்று ஒன்று வாய்த்தபின் மனிதருக்குத் தலை கிறுகிறுக்காதா?

படுக்கையறைக்கு இளம்பச்சை என்று முதலில் நிச்சயித்தார். "காலமெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பச்சையைத்தானே பாத்தோம், உள்ளேயும் எதுக்குங்க?" என்றார் அம்மையார். நீலமென்றால், அது சனீஸ்வரனுக்கு உரியதென்று மைத்துனர் முகஞ்சுளித்தார். எல்லா அறைக்கும் சாம்பல் நிறமே இக்கால நாகரிகம் என்று கொழும்பிலிருந்து மகள் சொல்லியனுப்ப, "சாம்பலடிக்கவா சேமலாப நிதிக் காசையெல்லாம் கொட்டினேன்!" என்று வெகுண்டார். மஞ்சளைப் பூசிப் பார்த்தபோதோ, அட்டையில் சாதுவாயிருந்த அந்நிறம், எதிரெதிர்ச் சுவர்கள் ஒன்றன் ஒளியை மற்றொன்றின்மேல் வீசியதால் இருமடங்கு உக்கிரங்கொண்டு கண்ணைக் குத்திற்று. மேலும், காலை மூடுபனியில் ஒருவிதமாகவும் உச்சிவெயிலில் வேறுவிதமாகவும் தோன்றிய நிறம் இரவில் பல்பு வெளிச்சத்தில் மூன்றாவதொரு ரூபமெடுக்க, மூன்று வேளையும் பரீட்சை செய்யாமல் தீர்ப்பளிப்பது தர்மமன்று என்ற சித்தாந்தத்துக்கு வந்து சேர்ந்தார். பெயின்ட் பாஸ் நாட்கூலிக்காரர். ஆகையால் பரம சாந்தர். எதைக் கேட்டாலும், "காயட்டும் ஐயா, காய்ஞ்சா நிறம் மாறும்" என்பார். அந்த வாக்கு ஒருபோதும் பொய்த்ததில்லை.

வரும் விருந்தினரைப் பெரியவர் அருகிலுள்ள கடலதெனிய விகாரைக்கு அழைத்துச் செல்வதுண்டு. 1344இல் அதனை அமைத்த சிற்பி கணேஸ்வராசாரி தென்னாட்டான் என்பதில் அவருக்குப் பெருமை. அதனினும் பெரிய பெருமை, அவன் கருங்கல்லால் கட்டி, வெளிச்சுவருக்கு வர்ணம் தேரும் வழக்கையே இல்லாமற் செய்துவிட்டான் என்பது.

இதற்கிடையில், பூச்சின்றிக் கிடந்த மேற்குப்புறச் சுவரின் சங்கதியைத் தென்மேற்குப் பருவமழை யாரையும் கலவாமல் தீர்த்துவிட்டது. அங்கே பாசி படர்ந்து, அம்மையார் வேண்டாமென்று தள்ளிய அதே பச்சையாயிருக்கிறது.

அப்பக்கம் போவீர்களாயின் பெரியவரைக் கண்டு பேசுங்கள். நல்ல தேநீர் நிச்சயம். ஆனால் எந்த நிறம் நன்றென்று கேட்டால் மட்டும் வாய் திறவாதீர்கள். பாஸுக்கு இன்னும் ஒரு வாரக் கூலி ஆகும்.