கேட்டதும் கிடைத்ததும்: ஊதாப்பூ வாரம்

கேள்வி: பூக்கன்றுக் கடையில் ஊதாப் பூவோடு ஒரு நீர்ச்செடி. விற்பவர் 'தாமரை இனம்' என்கிறார். உண்மையா? (வெள்ளவத்தை வாசகி)

பதில்: அவர் விற்க வந்தவர், சாட்சி சொல்ல வந்தவரல்ல. இலைக்காம்பு வீங்கிக் காற்றடைத்திருந்து, மேல் இதழில் மயிற்கண்போல மஞ்சள் பொட்டும் இருந்தால் அது ஆற்றுவாழை. தாமரை சேற்றில் கிழங்கூன்றும். இது வேர் தொங்க மிதக்கும். தென்னமெரிக்காவிலிருந்து அழகுக்காக வந்த விருந்தாளி. 1909இலேயே இதற்கென்று இலங்கையில் தனிச் சட்டம் போட்டார்கள். காலி வீதி நடைபாதையில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் மகான்களுக்குக்கூட அந்தக் கௌரவம் கிடைக்கவில்லை.

கேள்வி: ஜப்பான் விமானங்கள் தரையென்று நம்பி இறங்கி மூழ்கட்டும் என்று வெள்ளைக்காரர் வளர்த்த செடியாமே இது? (கொட்டாஞ்சேனை வாசகர்)

பதில்: ஜப்பானியர் கொழும்பைத் தாக்கியது 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. சட்டம் வந்தது 1909இல். அப்படியானால் 33 வருடம் முன்னதாகவே பொறியை வைத்து, எதிரிக்குச் சந்தேகம் வராதிருக்க அதை ஒழிக்கச் சட்டமும் போட்டிருக்கிறார்கள்! வந்த விமானங்களோ வாசகரின் பக்கத்து வீடான துறைமுகத்தில் குண்டைப் போட்டுவிட்டுத் தாய்க்கப்பலுக்குத் திரும்பின. வெள்ளவத்தையில் இறங்கி இடியப்பம் சாப்பிடும் திட்டம் அவற்றுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

கேள்வி: சல்வீனியா என்ற மிதக்கும் நீர்ச்செடி எந்த மாதம் பூக்கும்?

பதில்: எந்த மாதமும் இல்லை. அது பன்னம்.

கேள்வி: ஆற்றுவாழையை வாங்கி வளர்த்தாயிற்று. வெள்ளவத்தை வாய்க்காலில் விட்டுவிடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். சூழல் வாய்த்தால் இரண்டு கிழமைக்குள் இரட்டிப்பாகும் செடி. விதை சேற்றுக்குள் இருபது வருடம்கூட உறங்கும். பூக்குமுன் வேரோடு எடுத்து, சீமெந்துத் தரையில் மொறமொறவென்று காயவிட்டுக் குப்பையில் சேர்க்க வேண்டும். வாய்க்காலில் அள்ளியதைக் கத்தரிக்குக் கூட்டெருவாக்குவதும் ஆகாது. அதன் வேர் பார உலோகங்களை உறிஞ்சும். கன்றுக் கடைக்காரர் புதிதாக வரும் அல்லிக் கிழங்கைக் கழுவி, சில கிழமை தனித்தொட்டியில் வைத்துப் பார்த்தால், ஒட்டிவந்த ஆற்றுவாழைக் குட்டி மற்றத் தொட்டிகளுக்குப் போகாது.

கேள்வி: பிள்ளைக்குப் போன மாதம் டெங்கு. பல்கனியில் உள்ள அல்லித் தொட்டியை எறியவா? (கொட்டாஞ்சேனைத் தாய்)

பதில்: பிள்ளை விரைவில் தேறட்டும். எறியத் தேவையில்லை, ஆனால் கவனம் தேவை. டெங்கு நுளம்பு வாய்க்காலைவிட வீட்டுத் தொட்டியின் தெளிந்த நீரையே விரும்பும். நீர்மட்டத்தையொட்டிச் சுவரில் முட்டையிடும். நீரைக் கொட்டினால் மட்டும் முட்டை போகாது. காய்ந்த முட்டை மாதக்கணக்கில் கிடந்து, நீர் பட்டதும் பொரிக்கும். கிழமைக்கு ஒருமுறை நீரை மாற்றி, உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். பெரிய தொட்டியானால் நாலைந்து கப்பி மீன் விடுங்கள், குடம்பிகளைத் தின்றுவிடும். பூச்சாடிகளின் அடித்தட்டுகளையும் பாருங்கள்.