கருணை மிகுந்த திரைக்கதைகள்

ஜொகூரில் குறும்படத்துக்குத் திரைக்கதை எழுதும் நம் பிள்ளைகளைப் போல் இளகிய மனம் படைத்தவர்களை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஸ்கூடாய், மாசாய், கூலாய், குளுவாங் என்று பல ஊர்களிலிருந்தும் என் கைக்கு வரும் கதைகளைப் படிக்கும்போதெல்லாம் இந்த எண்ணமே மேலிடுகிறது. தங்கள் பாத்திரங்களுக்கு ஒரு துன்பம் வந்துவிட்டால் அடுத்த பக்கம் வரைகூட இவர்களுக்குப் பொறுக்காது. வாசலில் வந்து நிற்கும் வட்டிக்கார ஆலோங், தன் தாயை நினைத்துக் கண் கலங்கி, மூன்றாம் பக்கத்திலேயே கடனைத் தள்ளுபடி செய்துவிட்டுப் போகிறான். வேலை போனவனுக்கு மறுநாள் காலையே பழைய நண்பன் போன் செய்கிறான். சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போன மகன், தீபாவளிக்கு முதல் நாள் இரவு, முறுக்குக்கு எண்ணெய் காயும் நேரத்தில் சரியாகக் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வருகிறான். பத்துப் பக்கத்துக்குள் ஒருவர் மனமும் புண்படுவதில்லை.

அண்மையில் படித்த ஒன்று. உலு திராமில் ஒரு வீடு, விடிகாலை மூன்றரை மணி. தகப்பன் சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறார். மோட்டார் சீட்டில் மழைக்கோட்டு, பிளாஸ்டிக் உறையில் கடப்பிதழ், பிளாஸ்கில் கோப்பி. எவ்வளவு கவனமாகப் பார்த்து எழுதியிருக்கிறார்! மகள் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறாள். “அப்பா, இன்னைக்கு ஸ்கூல்ல பரிசளிப்பு விழா. வருவீங்களா?” அடுத்த வரி: “உனக்காக லீவு போட்டுட்டேன்மா.” கட்டிக்கொள்கிறார்கள், இசை எழுகிறது. அப்போது நாம் இரண்டாம் பக்கத்தின் நடுவில் இருக்கிறோம். ஒரு குழந்தையை அரைப் பக்கத்துக்கு மேல் ஏங்கவிட அந்த எழுத்தாளருக்கு மனம் வரவில்லை. மீதி எட்டுப் பக்கமும் அவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள்.

எழுத்தாளர் அந்தத் தகப்பனுக்கு லீவைக் கொடுத்தார். அதே கையால் அவர் தகப்பன் என்று காட்டிக்கொள்ள இருந்த ஒரே வாய்ப்பையும் எடுத்துக்கொண்டார். நாள் சம்பளக்காரர் லீவு போட்டால் அன்றைய காசு போகும், மாதக் கடைசியில் வீட்டுத் தவணை இடிக்கும், சூப்பர்வைசர் முகம் சுளிப்பார். இவ்வளவும் தெரிந்தே ‘வருகிறேன்’ என்று அவர் சொல்லியிருந்தால், அவர் மகளை எவ்வளவு நேசிக்கிறார் என்பது நமக்கு விளங்கியிருக்கும். ‘வர முடியாதும்மா’ என்று சொல்லிவிட்டு ஜொகூர்-சிங்கப்பூர்ப் பாலத்து நெரிசலில் மோட்டாரோடு நின்றிருந்தால் இன்னும் நன்றாக விளங்கியிருக்கும்.

அந்தப் பாலம் 1924-இல் திறக்கப்பட்டது. ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான் நீளம். அதன் மேல் நாள்தோறும் லட்சக்கணக்கானோர் போய் வருகிறார்கள். 2014 முதல் 2024 முடிய ஜொகூரில் பள்ளிக்கும் அரசு அலுவலகத்துக்கும் வார விடுமுறை வெள்ளி, சனி. சிங்கப்பூரில் சனி, ஞாயிறு. பிள்ளை வெள்ளிக்கிழமை வீட்டில் இருக்கும், அப்பா அக்கரையில் இருப்பார். ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டில் தூங்குவார், பிள்ளை சீருடை போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகும். அப்பாவுக்குச் சனிக்கிழமையும் வேலை இருந்தால் இருவருக்கும் சேர்ந்தாற்போல் ஒரு முழுநாள்கூட இல்லை. பதினொரு வருடம் ஒரு மாநிலமே இப்படி வாழ்ந்தது. 2025 ஜனவரியில்தான் விடுமுறை மறுபடி சனி, ஞாயிறுக்கு மாறியது. எந்த ஊர் எழுத்தாளனுக்கும் கிடைக்காத முரண் இது. நாடகம் அங்கே எழுதப்படாமலேயே நடந்துகொண்டிருந்தது. என் கைக்கு வந்த கதைகளில் ஒன்றுகூட இதைத் தொட்டு நோகடிக்கவில்லை. அவ்வளவு பண்பு!

இன்னொரு பொக்கிஷத்தையும் நம்மவர்கள் கீறல் விழாமல் காத்து வருகிறார்கள். மலேசியாவில் பன்னிரண்டு வயதானால் பிள்ளைகள் அடையாள அட்டை எடுக்க வேண்டும். பெற்றோரின் திருமணம் பதிவாகாததால் குடியுரிமை இல்லாமல் போன பிள்ளைகள் நம்மிடையே உண்டு. ஆறாம் வகுப்பில் கூட்டாளிகள் எல்லாரும் நீல அட்டையைக் காட்டிக்கொள்ளும்போது, அந்தப் பையன் பைக்குள் கையை விட்டுக்கொண்டு என்ன சொல்லிச் சமாளிப்பான்? அட்டை தொலைந்துவிட்டது என்றா? பொய் சொல்வானா, உண்மையைச் சொல்வானா, யாரிடம் முதலில் சொல்வான்? ஐந்து நிமிடப் படம் அப்படியே கிடக்கிறது. தோட்டத்தை விற்றபின் ஒரு லயத்தில் கடைசியாக மிஞ்சிய குடும்பம் அடுத்தது. 1942-43இல் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட ஆயிரமாயிரம் தமிழர்கள் அதற்கும் முந்தியவர்கள். ஆர்.சண்முகம் அதை ‘சயாம் மரண ரயில்’ என்று நாவலாகவே எழுதி வைத்தார். நம் குறும்படக்காரர்கள் இவை எல்லாவற்றையும் அடுத்த தலைமுறைக்கு அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள்.

படப்பிடிப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ‘மார்கோ போலோ’ தொடரை எடுத்த ஸ்டூடியோ இஸ்கண்டார் புத்ரியில் இருக்கிறது. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒளி பிடிபட்டதில் வியப்பென்ன? டிரோன் எழும்பும், டாங்கா பே, நீரிணை, பாலம், சூரியன் என்று ஒன்றரை நிமிடத்துக்குக் கண்ணை எடுக்க முடியாது. திரைக்கதையில் ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்பது கணக்கு. பத்து நிமிடப் படத்தில் ஒன்றரை நிமிடத்தை ஊருக்கே எழுதிக் கொடுக்கும் தாராளம் யாருக்கு வரும்? வசனத்திலும் இதே தாராளம். ‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சியிலிருந்து கார்த்திக் சுப்பராஜும் நலன் குமாரசாமியும் பாலாஜி மோகனும் வந்ததைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் சென்னைப் பேச்சை மதிக்கிறார்கள். தாமான் பெலாங்கிப் பையன் வடசென்னைக்காரனாகப் பேசுகிறான். ஜொகூர்த் தமிழ் தேயாமல் வீட்டிலேயே பத்திரமாக இருக்கிறது.

இந்தக் கருணை எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் பண்டிகை விளம்பரங்களில் போய் முடிகிறது. பெட்ரோனாஸுக்காக யாஸ்மின் அகமது எடுத்த பண்டிகைப் படங்கள் இந்த நாட்டில் ஒரு தலைமுறைக்கே குறும்படப் பாடம். அவர் 2009-இல் மறைந்தார். அவர் பார்ப்பவரை நெகிழவைத்த கையோடு கொஞ்சம் கூசவும் வைத்தார். பின்னால் வந்தவர்கள் நெகிழ்ச்சியை எடுத்துக்கொண்டு கூச்சத்தை மரியாதையாக அவரிடமே விட்டுவிட்டார்கள்.

கருணை குறைந்தவர்களும் உண்டு. பிரான்சில் அல்பெர் லாமோரிஸ் 1956-இல் ‘சிவப்பு பலூன்’ எடுத்தார். 34 நிமிடம், வசனம் அநேகமாக இல்லை. ஒரு சிறுவன், அவன் பின்னாலேயே வரும் ஒரு பலூன், அதைப் பிடுங்கத் துரத்தும் பையன்கள். லாமோரிஸ் இரக்கமே காட்டாமல் அந்தப் பலூனை உடையவிட்டார். உடைந்த பிறகே பாரிஸ் நகரத்துப் பலூன்களெல்லாம் சிறுவனைத் தேடி வருகின்றன. மூலத் திரைக்கதைக்கான ஆஸ்கர் விருது வாங்கிய குறும்படம் அது ஒன்றுதான். நம் எழுத்தாளர்களாக இருந்தால் துரத்திய பையன்களுக்கும் ஆளுக்கொரு பலூன் வாங்கிக் கொடுத்து முதல் காட்சியிலேயே சமாதானம் செய்திருப்பார்கள்.

நம் நாட்டிலேயே சஞ்சய் குமார் பெருமாள் இருக்கிறார். 2015-இல் வந்த அவருடைய ‘ஜகாட்’ 1991-இல் நடக்கும் கதை. மகன் படித்து மேலே வர வேண்டும் என்பதைத் தவிர அந்தத் தகப்பனுக்கு வேறு ஆசை கிடையாது. அந்த ஆசையே அடியாக விழுந்து பையனை வேறு பக்கம் தள்ளுகிறது. இயக்குநர் குறுக்கே புகுந்து யாரையும் காப்பாற்றவில்லை. அடுத்த ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாக அதைத் தேர்ந்தெடுத்தார்கள். முழுநீளப் படமானாலும் குறும்படக்காரருக்கு அதில் பாடம் இருக்கிறது. தகப்பன் மேல் உள்ள அன்பைக் குறைக்காமலேயே அவர் செய்யும் தவற்றையும் எழுதலாம் என்பதுதான் அது.

தம்பி, தங்கச்சிகளே, உங்கள் நல்ல மனத்தை நான் சந்தேகிக்கவில்லை. அதனால்தான் இவ்வளவும் எழுதுகிறேன். கண்ணும் காதும் உங்களிடம் இருக்கின்றன. பிளாஸ்டிக் உறையில் கடப்பிதழைப் பார்த்தவருக்கு மற்றதும் தெரியும். முதல் பக்கத்தில் ஒருவருக்கு ஒன்று கட்டாயம் வேண்டும் என்றாக்குங்கள். அதை மறுக்க நியாயமான காரணம் உள்ள ஒருவரை எதிரே நிறுத்துங்கள். இரண்டில் ஒன்றை இழந்தால்தான் மற்றது கிடைக்கும் என்ற நிலைக்கு அவர்களைக் கொண்டுபோய்விட்டு நீங்கள் ஒதுங்கிக்கொள்ளுங்கள். டிரோனை வாடகைக்கு எடுக்குமுன் எழுதியதை யாருக்காவது வாசித்துக் காட்டுங்கள். பாதியில் நிறுத்தும்போது “அப்புறம் என்ன ஆச்சு?” என்று கேட்டால் படமெடுக்கக் கிளம்புங்கள். “நல்லா இருக்கு” என்று சொன்னால் மறுபடியும் எழுத உட்காருங்கள்.