சுவாசப் பரீட்சை

கேரளத்துப் பந்தளம் பஸ் பணிமனையில், 2025 ஆம் ஆண்டு பலாச்சுளை தின்றுவிட்டுக் கடமைக்கு வந்த ஊழியர்களைச் சுவாசப் பரிசோதனைக் கருவி குடிகாரர் என்று தீர்மானித்ததும், பரீட்சார்த்தமாகச் சுளை தின்று ஊதியவரும் அக்கணமே குடிகாரரானதும் நிர்வாக சாஸ்திரத்தில் பொன்னெழுத்தில் பொறிக்கத்தக்கவை.

நமது திருகோணமலை டிப்போவும் பின்தங்கலாகாது. நூறு மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுசாரம் வரை நெடுங்காலம் சகித்து வந்த நம் சட்டத்தின் பெருங்கருணை பலாப்பழத்துக்கும் கிட்டுமா, கிட்டுமெனில் சாரதிக்கு எத்தனை சுளை, நடத்துநருக்கு எத்தனை என்பதையெல்லாம் தொழிற்சங்கங்கள் சம்பள உடன்படிக்கையிலேயே எழுதிக்கொள்வது உசிதம். துறைமுகக் காற்றில் வாசனை கலைந்துவிடுமாதலால், சாரதிகளின் விரல்களை மோந்துபார்க்கவும் ஓர் உத்தியோகத்தர் வேண்டும். பலாப்பால் ஒட்டாதிருக்கத் தடவிய தேங்காயெண்ணெய் காட்டிக்கொடுத்துவிடும். அவருக்கும் மேலதிக நேரக் கொடுப்பனவு உண்டு.

ஆனால், ஒப்பமிடும் வைபவத்தில் பரிமாறும் சிற்றுண்டியில் பலாச்சுளை இருந்துவிட்டால், நிர்வாகமும் சங்கமும் போதையில் கையெழுத்திட்டதாகக் கருவி சாட்சி சொல்லும், உடன்படிக்கை செல்லாது, வேலைநிறுத்தம் செல்லும்.

ஆகையால், 49 ஆம் இலக்க பஸ்ஸில் கொழும்பு செல்லும் பிரயாணிகளே, பலாப்பழக் காலம் முடியும்வரை சாரதிக்கு மாம்பழமே கொடுங்கள்.